கிளி நோட்டும் கடல் அட்டையும்: ஓர் அம்மாவுக்கு எழுதியது

வணக்கம் அம்மா,

போன சனிக்கிழமை படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்தபோது மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று முழுதாகப் பதில் சொல்ல நேரமில்லை. "பிளஸ் டூவில் நல்ல மார்க் வரும்னு டீச்சர் சொல்றாங்க. இவ என்னடான்னா மிருகங்களைக் கடத்துறதைப் பத்திப் படிக்கப் போறேங்கிறா. இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டீர்கள். கேட்கும்போதே உங்கள் குரல் உடைந்தது. அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டைப் பற்றி. பாடத்தை விட்டுவிட்டு இதைத்தான் எழுதுகிறாள் என்று கோபமாக என் மேஜையில் வைத்தீர்களே, அதை நான் பொறுமையாகப் படித்தேன். ஞாயிறு சந்தையில் கூண்டுகளில் எத்தனை பச்சைக்கிளிகள், அதில் எத்தனை குஞ்சுகள், விற்பவர் சொன்ன விலை என்ன என்று 14 வாரக் கணக்கு. நடுவில் இரண்டு வாரத்துக்கு எண் இல்லை. "காய்ச்சல், போகவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். என்னை நிறுத்தியது அந்த இரண்டு வரிகள்தான். யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் கற்பனையாக ஓர் எண்ணைப் போட்டு நிரப்ப அவளுக்கு மனம் வரவில்லை. தை முடிந்து மாசி பிறந்ததும் குஞ்சுகளின் எண்ணிக்கை ஏறுவதையும் கவனித்து அடிக்கோடு போட்டிருக்கிறாள். கிளிகள் குஞ்சு பொரிக்கும் காலம் அது. யாரும் சொல்லித் தராமலேயே அவள் செய்திருப்பது சந்தைக் கணக்கெடுப்பு. வனவிலங்கு வணிகத்தை ஆராய்கிறவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று அது.

ஒன்றை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம், வாங்குபவள் போல விலை கேட்க வேண்டாம். பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்பவர்களுக்கு அது தெரியும். பார்த்ததை வனத்துறைக்குச் சொல்லலாம். பதினேழு வயதுப் பெண் துப்பறிய வேண்டியதில்லை.

சரி, இந்தத் துறை என்றால் என்ன? புலியும் யானையும் மனதில் ஓடுவது இயல்பு. நம் மாவட்டத்தை விட்டு நகராமலே ஓர் உதாரணம் சொல்கிறேன், வெள்ளரிக்காய் வடிவில் இருக்கும் கடல் அட்டை. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மணலைத் தின்று, அதிலுள்ள கழிவைச் செரித்து, கடலடியைச் சுத்தமாக வைத்திருக்கும் உயிர். நம் ஊரில் இதை யாரும் சாப்பிடுவதில்லை. சீனாவிலும் ஹாங்காங்கிலும் விருந்துப் பண்டம். 2001இல் இந்தியா எல்லா வகைக் கடல் அட்டைகளையும் பிடிக்கத் தடை விதித்தது. இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். இடையில் இருப்பது சில மணி நேரப் படகுப் பயணம். இந்தக் கரையில் குற்றம், அந்தக் கரையில் சரக்கு. ராமநாதபுரம் கரையில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுவதற்குக் காரணம் இதுதான்.

பிடிபட்ட மூட்டையைத் திறந்தால், குடலெடுத்து, அவித்து, காயவைத்த அட்டை கட்டைபோல இருக்கும். எந்த இனம் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அதன் தோலிலிருந்து நகக்கண் அளவு துண்டை வெட்டி, ப்ளீச்சிங் திரவத்தில் போட்டால் சதை கரைந்துபோகும். அடியில் மாவுபோலத் தங்குவதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், சட்டைப் பொத்தான் போலவும் குட்டி மேஜை போலவும் நுண்ணிய சுண்ணாம்பு எலும்புகள் தெரியும். எந்த வடிவங்கள் சேர்ந்து இருக்கின்றன என்பது இனத்துக்கு இனம் மாறும். பார்க்கும் பிள்ளைகள் அதிசயித்துப்போவார்கள். வழக்குக்கு வேண்டிய ஆதாரமும் அதில்தான் தொடங்குகிறது.

அதோடு முடிவதில்லை. கடலடியில் இப்போது எவ்வளவு அட்டை மிச்சம் இருக்கிறது என்று முக்குளித்து எண்ண ஒருவர் வேண்டும். தடையால் எண்ணிக்கை கூடியதா, அல்லது ஏழை மீனவர்கள் சிறைக்குப் போனதுதான் மிச்சமா என்று நேர்மையாகக் கேட்க ஒருவர் வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988இலேயே தூத்துக்குடியில் வெள்ளை அட்டை என்ற கடல் அட்டை இனத்தின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியது. அதைப் பெருக்கிக் கடலில் விடலாமா, விட்டால் யாருக்கு உரிமை? இதற்கு விலங்கியல் மட்டும் போதாது. சட்டமும் பொருளாதாரமும் புள்ளியியலும் வேண்டும். முக்கியமாக, மீனவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் குணம் வேண்டும். தமிழ் பேசத் தெரிந்த ஆய்வாளருக்கு இந்தக் கரையில் இருக்கும் மதிப்பு சாதாரணமானதல்ல.

உலக அளவில் அரிய உயிரினங்களின் நாடுகடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் என்ற ஒப்பந்தம். 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இல் சேர்ந்தது. இதன் பட்டியல்களில் 40,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தாவரங்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே தாவரவியல் படித்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. நம் நட்சத்திர ஆமை 2019இல்தான் இதன் முதல் பட்டியலுக்கு, அதாவது சர்வதேச வணிகமே கூடாது என்ற பட்டியலுக்கு ஏறியது. அந்த மாதிரி முடிவுகளுக்குப் பின்னால், உங்கள் மகளுடையதைப் போன்ற நோட்டுகள் நிறைய இருக்கும்.

படிப்புக்கு வருவோம். இப்போதே 'வனவிலங்கு' என்ற பெயருள்ள பட்டத்தைத் தேடி ஓட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இளநிலையில் விலங்கியல், தாவரவியல், மீன்வளம், வனவியல் என எதுவாக இருந்தாலும் அடித்தளம் பலமாக இருந்தால் போதும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். வனவியல் என்றால் மேட்டுப்பாளையம். சிறப்புப் படிப்பு முதுநிலையில்தான் ஆரம்பிக்கிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் உண்டு. டேராடூன் வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ். நிறுவனமும் நுழைவுத் தேர்வு வைத்து மிகச் சிலரையே எடுக்கின்றன. எந்த ஆண்டு சேர்க்கை நடக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். புள்ளியியலை மட்டும் எந்த வழியில் போனாலும் விட வேண்டாம். இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளில் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள டரல் நிறுவனம் இந்த வகை ஆய்வுக்குப் பெயர் பெற்றது. உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். நகையை அடகு வைத்தோ வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தோ போக வேண்டாம். அப்புறம், பணம் கட்டினால் வெளிநாட்டில் சிங்கக்குட்டிக்குப் பால் புகட்டலாம் என்று இணையத்தில் வரும் 'தன்னார்வத் திட்டங்கள்' பக்கமே போக வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் அப்படிக் கொஞ்சி வளர்க்கப்பட்ட சிங்கங்கள் பின்னாளில் வேலிக்குள் வேட்டைக்கும், எலும்பு வணிகத்துக்கும் போயிருக்கின்றன. எதை எதிர்த்துப் படிக்க நினைக்கிறாளோ, அதற்கே காசு கொடுத்ததாகிவிடும்.

இனி சம்பளம். மறைக்காமல் சொல்கிறேன். முதுநிலை முடித்த முதல் சில ஆண்டுகள் இறுக்கமாகத்தான் இருக்கும். வேலைகள் பெரும்பாலும் திட்டத்தின் பேரில், ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். நெட் என்ற தேசிய தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. அதனால்தான் அந்தத் தேர்வை முதல் இலக்காக வைக்கச் சொல்கிறேன். நிரந்தர அரசுப் பதவி வேண்டுமென்றால் இந்திய வனப் பணித் தேர்வு இருக்கிறது. விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகள் எழுதலாம். சுங்கத் துறையையும் மறக்காதீர்கள். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் பட்டதாரித் தேர்வு வழியாகச் சுங்க அதிகாரி ஆகலாம். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிக்குள் பாம்பும் குரங்குக்குட்டியும் இருப்பதைச் சென்னை விமான நிலையத்தில் கண்டுபிடிப்பது அவர்கள்தான். மத்திய வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தில் புலனாய்வுப் பதவிகளில் பெரும்பாலும் காவல், வனம், சுங்கத் துறைகளிலிருந்தே ஆட்களை எடுக்கிறார்கள். படித்தவுடன் நேராக நுழைவது கடினம்.

பெண் பிள்ளை, வெளியூர், கல்யாணம் என்று நீங்கள் பாதியில் நிறுத்திய வாக்கியமும் என் காதில் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். களப்பணிக்குச் சேரும் முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: குழுவில் வேறு பெண்கள் உண்டா, தங்குமிடம் எது, இரவு வேலை இருந்தால் கூட யார் வருவார், புகார்க் குழு இருக்கிறதா? நல்ல நிறுவனம் நேராகப் பதில் சொல்லும். மழுப்பினால் அனுப்பாதீர்கள். டிஎன்ஏ ஆய்வகம், வணிகத் தரவு, சட்ட ஆய்வு எனக் காட்டுக்கே போகாத பணிகளும் இதில் ஏராளம்.

பொதுத்தேர்வு முடியும்வரை சந்தைக்குப் போவதை நிறுத்தச் சொல்லுங்கள், அவள் கேட்பாள். தேர்வு முடிந்ததும் அவள் அப்பாவோ நீங்களோ ஒரு ஞாயிறு கூடப் போய் வாருங்கள். நோட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. பங்குனிக் கணக்கு பாதியில் நிற்கிறது.