வாசகர் கேள்வி - பதில்: கிளிஃபோர்ட் பிரவுனின் தொடக்க ஆண்டுகள்

கேள்வி: என் மகன் பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறான். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வேளையில், கிளிஃபோர்ட் பிரவுன் என்பவரைப் போல ஜாஸ் வாசிக்கவும் சொந்தமாக இசையமைக்கவும் வேண்டும் என்கிறான். அவர் இளவயதில் எப்படி முன்னுக்கு வந்தார்?
- ஒரு தந்தை, உப்புவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் மகன் மிகச் சிறந்த ஒருவரையே முன்மாதிரியாகக் கொண்டிருக்கிறார். பிரவுன் 1930இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில், வில்மிங்டன் நகரில் பிறந்தார். கல்லூரியில் அவர் முதலில் படித்தது கணிதம் என்பதை, பரீட்சை பற்றிய உங்கள் கவலையை அறிந்தே குறிப்பிடுகிறேன்.

1950 ஜூனில் நேர்ந்த கார் விபத்தினால் அவர் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். அங்கே அவரைப் பார்க்க வந்த புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, இசையைக் கைவிட வேண்டாம் என்று ஊக்கப்படுத்தினார். ட்ரம்பெட்டை எடுக்க உடல் இடங்கொடாத அந்தக் காலத்தில் பிரவுன் பியானோ வாசித்தார். ட்ரம்பெட்டில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். பியானோவிலோ பல சுரங்கள் ஒன்றுசேரும் விதத்தைக் கண்ணாலேயே காணலாம். அவருக்குள் இருந்த இசையமைப்பாளர் வளர அதுவும் உதவியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

1952இல் அவருடைய முதல் ஒலிப்பதிவுகள் நடந்தன. அடுத்த ஆண்டு லயனல் ஹாம்ப்டனின் குழுவோடு ஐரோப்பா சென்றபோது, தனியாக ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்ற தலைவரின் தடையையும் மீறி, அவரும் இளம் தோழர்களும் ஸ்டாக்ஹோமிலும் பாரிஸிலும் பதிவுகள் செய்தார்கள். 1954இல் ட்ரம்ஸ் வாத்தியக் கலைஞர் மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து ஐவர் குழுவொன்றை நடத்தத் தொடங்கினார்.

அவர் இயற்றிய ‘ஜாய் ஸ்பிரிங்’ அந்த ஆண்டில் பதிவானது. மகன் அதை ஒலிக்கவிடும்போது நீங்களும் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். கோணேசர் கோயில் திருவிழாவில் ஒத்து ஊதுபவரின் சுருதி கடைசிவரை அசையாமல் நிற்க, அதன் மேல்தான் நாதஸ்வர வித்துவான் இராகத்தை விரிக்கிறார். ‘ஜாய் ஸ்பிரிங்’கிலோ முதல் எட்டு ஆவர்த்தனம் முடிந்ததும் அதே மெட்டு அரைச்சுரம் மேலேறி மறுபடி வருகிறது, காலுக்குக் கீழே நிலமே நகர்ந்துவிட்டது போன்ற அந்த இடத்தில், அவருடைய வாசிப்பு சிறிதும் தடுமாறாமல், ஒவ்வொரு சுரமும் முத்துப் போலத் தனித்துத் தெரியும்படி ஓடுகிறது. அத்தனை வேகத்திலும் நாதம் மெலிவதில்லை. அதுவே என்னை மீண்டும் மீண்டும் அவரிடம் இழுக்கிறது. 1956 ஜூன் 26 அன்று இன்னொரு கார் விபத்தில் அவர் இறந்தபோது வயது 25தான்.

கேள்வி: என் மகளுக்கு அரைமணி நேரம் ட்ரம்பெட் ஊதினாலே உதடு சோர்ந்துவிடுகிறது. இது பழகப் பழகச் சரியாகுமா?
- ஒரு தாய், திருகோணமலை

பதில்: சரியாகும், ஆனால் வலிந்து ஊதக்கூடாது. ட்ரம்பெட்டில் இருப்பவை மூன்று வால்வுகளே. அவற்றை அழுத்தும் முறைகளால் குழாயின் நீளத்தை ஏழு விதமாக மட்டுமே மாற்றலாம்; மற்றச் சுரங்களையெல்லாம் உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான் பிறப்பிக்கின்றன. களைத்த உதட்டின் மேல் வாய்முனையை அழுத்தினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நாதமும் கெடும். பத்து நிமிடம் மெதுவாக நீண்ட சுரங்களை ஊதி, பத்து நிமிடம் ஓய்வெடுத்து, பிறகு தொடரச் சொல்லுங்கள்.