ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள்; அடுத்த வேலை கிடைக்கும் வரை என்ன செய்வது?

கேள்வி: ஒரகடம் பகுதியில் கார் என்ஜின் உதிரிபாகம் தயாரிக்கும் தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில் ஏழு ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். மொத்தச் சம்பளம் 20,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. ஆர்டர் குறைந்துவிட்டதால், மாத இறுதிக்குள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் தருவதாக ஹெச்.ஆர். சொல்கிறார். பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்து நகைக்கடனை அடைத்துவிடலாமா? ஒப்பந்ததாரர் மூலம் 16,000 ரூபாய்க்கு வரும் வேலையை உடனே ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளையும்விட, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் அவசரமானது. அந்த ராஜினாமாக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம்.

ஆர்டர் இல்லை என்பதற்காக நிர்வாகம் உங்களை அனுப்பினால் அது ஆட்குறைப்பு. நீங்களே எழுதிக் கொடுத்தால் அது பணிவிலகல். ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்யும் நிர்வாகம் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தருவதுடன், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும் என்பது பழைய தொழிற்தகராறுச் சட்டத்திலும் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால் உங்களுக்கு இழப்பீடு சுமார் 70,000 ரூபாய், முன்னறிவிப்புக்கு 20,000 ரூபாய். இந்த 90,000 ரூபாயை 40,000 ரூபாய்க்கு விட்டுக்கொடுக்கும்படிதான் உங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கடிதத்தின் மீது நிர்வாகங்களுக்கு இருக்கும் ஆசைக்குக் காரணமும் இதுவே.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதில் சேராது. ஐந்தாண்டு கடந்துவிட்டதால், ராஜினாமா செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உங்களுக்கு உரியது. 12,000 ரூபாயை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 7-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 48,460 ரூபாய் வரும். “இரண்டு மாதச் சம்பளத்திலேயே எல்லாம் அடங்கிவிட்டது” என்ற வரி கடிதத்தில் எங்கேனும் இருக்கிறதா என்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். “நீங்கள் தொழிலாளி அல்ல, ஆய்வாளர்” என்று வாதிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. மைக்ரோமீட்டரும் வெர்னியரும் பிடித்து அளந்து பார்ப்பவர் எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும், செய்யும் வேலையின் தன்மையைத்தான் சட்டம் பார்க்கும். பேச்சுவார்த்தை முறிந்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அதற்கு முன், சம்பளச் சீட்டுகளையும் பணி நியமனக் கடிதத்தையும் நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவற்றைப் பெறுவது எளிதன்று.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு. உங்கள் சம்பளம் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருப்பதால், அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தின்கீழ் சராசரித் தினச் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாட்களுக்குப் பெற வாய்ப்புண்டு. உங்களுக்கு அது 30,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். வேலை போய் 30 நாட்களுக்குப் பின் விண்ணப்பிக்க வேண்டும்; வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் விருப்ப ஓய்வில் சென்றவர்களுக்கும் இது இல்லை என்பதால், ராஜினாமாக் கடிதம் இங்கேயும் குறுக்கே நிற்கலாம். அவ்வப்போது கால நீட்டிப்புப் பெற்றுவரும் திட்டம் என்பதால், தற்போது நடைமுறையில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு என்ற கணக்கில், வேலை போன அன்றே மருத்துவ வசதி நின்றுவிடாது. (வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தரும் மாத உதவித்தொகையைப் பலர் நம்பிப் போகிறார்கள், அது பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்தவர்களுக்கானது, உங்களுக்கு உதவாது.)

இனி பி.எஃப். உங்கள் நிர்வாகம் கட்டும் பங்கிலிருந்து, 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்ட சம்பளத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்தாண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். ஏழாண்டு முடித்த நீங்கள் இப்போது அந்தப் பணத்தையும் எடுத்துவிட்டால், அடுத்த நிறுவனத்தில் மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்குவீர்கள். தொட்டுப் பார்க்காமல் விட்டால் இன்னும் மூன்றாண்டுதான் பாக்கி. ஆகவே ஓய்வூதியப் பகுதியைத் தொடவே வேண்டாம். மற்றப் பகுதிக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு 8.25 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. வேலை இழந்தவுடன் 75 சதவீதம் வரை எடுக்கலாம், எஞ்சிய 25 சதவீதத்தை 12 மாதம் கழித்தே எடுக்க முடியும் என்று வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. எடுக்க முடியும் என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு, இழப்பீடும் பணிக்கொடையும் வந்த பின் அசலைக் குறைப்பதே என் யோசனை. மாதச் சீட்டு ஏதும் கட்டிவந்தால், தவணை தவறுவதற்கு முன்பே நடத்துபவரிடம் பேசிவிடுங்கள்.

இழப்பீட்டையும் முன்னறிவிப்புச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் மட்டும் கூட்டிப் பாருங்கள்: மாதம் 18,000 ரூபாய் செலவுள்ள குடும்பம், பி.எஃப்.பைத் தொடாமலேயே ஏழெட்டு மாதம் தாக்குப்பிடிக்கும். ஆகவே, 16,000 ரூபாய் வேலையைப் பயத்தில் ஏற்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. ஆனால் ஏழெட்டு மாதமும் காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. பிஸ்டனும் கிராங்க்ஷாஃப்டும் மின்வாகனத்தில் இல்லை. அந்த ஆர்டர் திரும்பி வரும் என்று எண்ணிக் காத்திருப்பது வீண். மாறாக, மோட்டார் ஷாஃப்ட், பேரிங் பொருந்தும் உறை, பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்கு மைக்ரான் கணக்கில் அளந்து பார்க்கும் உங்களைப் போன்றவர்கள் தேவை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் உள்ள மின்னணு ஆலைகளின் உள்வரும் பொருள் ஆய்வுப் பிரிவுக்கும் இதே கைப்பழக்கம்தான் வேண்டும். அந்த 16,000 ரூபாய் வேலை இத்தகைய ஆலையில், தர ஆய்வில், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு இருந்தால், 4,000 ரூபாய் குறைவைப் பார்க்காமல் ஏற்கலாம். பொருள் ஏற்றி இறக்கும் வேலையாகவோ, பிடித்தமின்றிக் கையில் கொடுப்பதாகவோ இருந்தால் மூன்று மாதமாவது வேறிடம் தேடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குப் போகலாம், உதிரிபாகங்களைத் துல்லியமாக அளக்கும் சி.எம்.எம். இயந்திரத்தை இயக்கத் தெரியாவிட்டால் இந்த இடைவெளியில் கற்றுக்கொள்ளலாம்.

புதிய இடத்தில் சேரும்போது பி.எஃப். கணக்குக்கான பழைய யூ.ஏ.என். எண்ணையே கொடுங்கள். பழைய நிர்வாகம் நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா செலுத்தப்பட்ட இரண்டு மாதங்களுக்குப் பின் உறுப்பினர் இணையதளத்தில் நீங்களே அதைப் பதிவு செய்து, கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.