கத்திக்கு எஃகு தேடி அலைபவர்களுக்கு: பெங்களூரிலிருந்து சில பதில்கள்

11 ஆண்டுகளாக வார இறுதிகளில் கத்தி செய்து வருகிறேன். பெரும்பாலும் சமையலறைக் கத்திகள். தேய்ப்பதும் தீட்டுவதும் என்னை ஒருநாளும் சோர்வாக்கியதில்லை. பொருள் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய சனிக்கிழமைகள்தான் சோர்வாக்கின. நாம் உருக்கு என்கிறோம், இங்கே கன்னடத்தில் உக்கு என்கிறார்கள். கொடுமணலில் எஃகு உருக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அரைக் கிலோ நல்ல எஃகுக்கு அலைவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நகரத்துத் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, எஸ்.ஜே.பி. சாலையில் ஆறு இரும்புக் கடை ஏறி இறங்கினேன். 1095 என்றால் யாருக்கும் புரியவில்லை. (கோரமங்களா)

அது கரி (கார்பன்) மிகுந்த ஓர் எஃகுக்கு அமெரிக்க எண், தம்பி. நம் சந்தை பேசுவது பழைய பிரிட்டிஷ் எண்களும், உலோக அச்சு (டை) செய்யும் பட்டறைகளின் பெயர்களும். எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் எஃகுக்கு ஓ.எச்.என்.எஸ். என்று கேளுங்கள், அமெரிக்கர்கள் ஓ1 என்பது அதுதான். 52100 வேண்டுமென்றால் பேரிங் செய்யும் இ.என்.31 கேட்க வேண்டும். இ.என்.45 என்பது சிலிக்கன் மாங்கனீஸ் ஸ்பிரிங் எஃகு. கரியும் குரோமியமும் மிகுந்த எஃகை எச்.சி.எச்.சி.ஆர். என்று மட்டும் கேட்காதீர்கள். டி2, டி3 இரண்டையுமே அந்தப் பெயரில் விற்கிறார்கள். டி3-இல் கரி ஏறக்குறைய 2 சதவீதம், மெல்லிய முனை எளிதில் உடைந்துவிடும். முதல் கத்திக்கு ஓ.எச்.என்.எஸ். போதும்.

ஒரு கிலோ கேட்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். (ஒயிட்ஃபீல்டு)

அவர் வியாபாரம் டன் கணக்கில். நமக்கு வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள்: 40 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம், 30 செ.மீ. நீளமுள்ள பட்டை 283 கிராம்தான். 3 மீட்டர் பட்டை ஒன்று பத்துக் கத்திக்கு வரும், அதுவே மூன்று கிலோவை எட்டாது. எனவே தனியாகப் போகாதீர்கள்; நான்கைந்து பேர் சேர்ந்து முழுப் பட்டையாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

இன்னொரு வழி பீன்யா தொழிற்பேட்டை. அங்கே அச்சு செய்யும் சிறு பட்டறைகளில் ஓ.எச்.என்.எஸ்., டி2 வெட்டுத்துண்டுகள் மூலையில் கிடக்கும். மதிய உணவு நேரத்தில் போய், எதற்கென்று மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். எடைக்கு விலை போட்டுத் தருவார்கள்.

உண்மையான தொல்லை கனம்தான். கடையில் எளிதில் கிடைப்பது 6 மி.மீ.யும் அதற்கு மேலும். சமையலறைக் கத்திக்கு வேண்டியது 2 முதல் 3 மி.மீ. பாதி எஃகைத் தேய்த்துத் தூளாக்குவது மனத்துக்கு ஒப்பாத வேலை. எந்திரத்தில் சீராகத் தேய்த்துக் கனம் குறைக்கும் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்பவரிடம் பத்துத் துண்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் கூலி தாங்கும். ஒற்றைத் துண்டுக்குத் தாங்காது.

வாங்கியது அசல்தானா என்று எப்படித் தெரியும்? (ராமமூர்த்தி நகர்)

இந்தக் கேள்விக்கு நான் பட்டதைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு கடையில் ஓ.எச்.என்.எஸ். என்று ரசீது போட்டு ஒரு பட்டை தந்தார்கள். மூன்று வார இறுதிகள் உழைத்து வடிவம் தேய்த்து, சூடாக்கி, எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் தோய்ச்சல் வைத்தேன். அரம் வைத்து இழுத்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கரி குறைந்த வெறும் மைல்ட் ஸ்டீல். திருப்பிக் கேட்டபோது “எல்லாம் இரும்புதானே” என்றார்கள். அந்தச் சொல்லை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. விலையைக் கூட்டிச் சொல்லட்டும், இல்லையென்று சொல்லட்டும். பெயரை மாற்றித் தரக்கூடாது.

அன்றிலிருந்து எந்தப் பட்டை வந்தாலும் முதலில் விரல் அகலத் துண்டு ஒன்று வெட்டுகிறேன். காந்தம் ஒட்டாத நிலை வரும்வரை, ஏறக்குறைய 770 டிகிரி, காய்ச்சி, இன்னும் சற்றே சிவக்க விட்டு எண்ணெயில் முக்குவேன். ஆறியதும் அரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் கரி இருக்கிறது. பிறகு துணியில் சுற்றி, வைஸில் கடித்து உடைத்துப் பார்ப்பேன். உள்ளே சாம்பல் நிறப் பட்டுப் போல நுண்மையாக இருந்தால் நல்லது. சர்க்கரைபோல் மின்னினால் சூடு அதிகம் என்று பொருள்.

சான்றிதழே வேண்டுமென்றால் பீன்யாவில் உலோகப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. ஸ்பெக்ட்ரோ பரிசோதனை என்று கேளுங்கள். கையில் பிடித்துக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கியை நம்ப வேண்டாம். குரோமியம், மாங்கனீஸ் எல்லாம் சொல்லும். நமக்கு உயிரான கரியை அது காணாது.

எங்கள் ஊர்ப் பக்கம் திருப்பாச்சேத்தி. அரிவாள் லாரி ஸ்பிரிங் பட்டையில்தானே அடிக்கிறார்கள்? சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, ஐயா. (ஜாலஹள்ளி)

நல்ல எஃகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் லட்சம் கிலோமீட்டர் குலுங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். பரம்பரைக் கொல்லர் தட்டிப் பார்த்து, நெருப்பில் நிறம் பார்த்து ஒதுக்கிவிடுவார். அவர் கையில் ஆயிரக்கணக்கான பட்டைகளின் அனுபவம் இருக்கிறது. நமக்கு அது இல்லை. மேலும் அது வளைந்த கனமான பட்டை. உலையும் சம்மட்டியும் இல்லாமல் தேய்த்தே செய்பவருக்கு ஒத்துவராது. உலை வைத்திருந்தால், பட்டை மாற்றும் பட்டறையில் ஓடாத புதுப் பட்டையின் வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

டி2-வை வீட்டிலேயே தோய்ச்சல் வைக்கலாமா? (எலக்ட்ரானிக் சிட்டி)

வேண்டாம். அதற்கு 1,000 டிகிரிக்கு மேல் சீரான சூடு வேண்டும், காற்றும் படக்கூடாது. காற்றில்லாத உலையில் தோய்ச்சல் வைக்கும் பீன்யாவின் வேக்குவம் ஹீட் ட்ரீட்மென்ட் கூடங்கள்தான் சரி. அங்கே ஒரு கத்திக்கும் ஐம்பது கத்திக்கும் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றே என்பதால், இதற்கும் கூட்டுச் சேருங்கள். எஃகின் பெயரையும் வேண்டிய கடினத்தையும் தாளில் எழுதிக் கொடுங்கள், சமையலறைக் கத்திக்கு 58 முதல் 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடின அளவு). பிடிக்கான துளைகளை முன்பே போட்டுவிடுங்கள். பிறகு துளைப்பான் இறங்காது.

ஓ.எச்.என்.எஸ். வீட்டில் முடியும். 800 டிகிரி, எண்ணெய், உடனே சமையலறை ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு முறை. உலைக்கு வீட்டுச் சமையல் சிலிண்டரைப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்குங்கள்.

பிடிக்கு மைகார்ட்டா வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எஃகைவிட விலை கூடுகிறது. (இந்திராநகர்)

வரவழைக்காதீர்கள். ஹைலம் ஷீட் என்று கேளுங்கள், அதிலும் துணி வைத்த வகை. பருத்தித் துணியை பீனாலிக் பிசினில் அழுத்தியது. மைகார்ட்டாவும் அதே சங்கதிதான். ஜி10 எனும் கண்ணாடி இழைப் பலகைக்கு மாற்று, மின்பலகை செய்யும் கிளாஸ் எபாக்சி. இரண்டையும் தேய்க்கும்போது நல்ல முகமூடி கட்டாயம்; கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்குப் பகை. பித்தளைக் கம்பி எடைக்குக் கிடைக்கும். ஒட்டுவதற்கு 24 மணி நேரம் இறுகும் அரால்டைட் போதும்.

மரம் விரும்பினால் மைசூர் சாலை மர மண்டிகளில் தேக்கு, பலா, வேங்கைத் துண்டுகள் கிடைக்கும். என் மனத்துக்குப் பிடித்தது ஊரிலிருந்து கொண்டுவந்த, வைரம் பாய்ந்த பனை. கறுப்புக் கோடுகள் ஓடும் அந்த அழகுக்கு எந்த இறக்குமதியும் ஈடில்லை. மான்கொம்பு யார் தந்தாலும் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். எருமைக்கொம்பு போதும்.

தேய்க்கும் எந்திரத்துக்கு 2 அங்குல அகலம், 72 அங்குல நீளமுள்ள எமரி பெல்ட் எங்கே? (ஹெப்பால்)

ஆயத்தமாகத் தேடாதீர்கள். எமரி பெல்ட் கடைகளில் அளவு சொன்னால் சுருளிலிருந்து வெட்டி ஒட்டித் தருவார்கள். சொரசொரப்பு எண் 60, 120, 240 போதும். இணைப்பில் விரல் ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

என் மகன் செய்கிறான். போலீஸ் தொந்தரவு வருமா, தம்பி? (அல்சூர்)

பயப்படாதீர்கள், அம்மா. ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பற்றிப் பேசுகின்றன; வீட்டு, விவசாய உபயோகத்துக்கென வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. சமையலறைக் கத்தி செய்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும். குத்துவாள் வடிவம் வேண்டாம்.

தோய்ச்சலுக்குப் பழைய என்ஜின் எண்ணெய் ஆகுமா? (கே.ஆர். புரம்)

ஆகாது. அந்தப் புகையில் என்னென்ன இருக்கிறதோ எல்லாம் உங்கள் மூச்சில் போகும். கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஐந்து லிட்டர், 50 முதல் 60 டிகிரிக்குச் சுட வைத்து, மூடியுள்ள இரும்பு டின்னில். மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடிவிடுங்கள்.