தலைத்துணியும் பிடியரிசியும்

அன்புள்ள அக்கா,

பாறசாலைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் பெயரும் சபையின் பெயரும் வெளியே வர வேண்டாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் மகள் வேதபாடம் வாசிப்பதாக இருந்தது. அவளுக்கு 16 வயது. சுடிதார் அணிந்திருந்தாள், துப்பட்டா தோளில் கிடந்தது. படியில் கால் வைக்கும்போது கமிட்டிப் பெரியவர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். தலையில் துணி போடாதவள் வாசிக்க வேண்டாம், இது நம் பாரம்பரியம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பையன் போய் வாசித்தான். அன்றிலிருந்து அவள் கோயிலுக்கு வருவதில்லை. ஆந்திராவில் நந்தியாலில் 2013இலேயே புஷ்பலலிதா என்ற பெண் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராகிவிட்டார். எங்கள் ஊரில் இன்னும் இப்படி. பவுல் உண்மையில் என்னதான் சொல்கிறார்? நாங்கள் வேறு சபைக்குப் போய்விடலாமா?

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று என் பாட்டி அம்மச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலாக ஒரு கவணி, அவள் போடுகிற மேல்துணி, கிடந்தது. ஒரு முனை மட்டும் நைந்து திரிதிரியாகிவிட்டது. காசை முடிந்து வைத்துப் பல்லால் அவிழ்க்கிற முனை அது. அதனால்தான் இந்தப் பதில். பவுலைப் பற்றிக் கேட்டு வருகிற கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை.

அவரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 11ஆம் அதிகாரத்தில், பெண் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடச் சொல்கிறார். அப்படியானால் அவள் வாய் திறந்து பேசுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. 14ஆம் அதிகாரத்தில் சபையில் பேசாதிருக்கச் சொல்கிறார். இரண்டையும் பொருத்திப் பார்க்க முயன்று பண்டிதர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அதே 11ஆம் அதிகாரம் ஆண் நீண்ட முடி வைப்பதும் இழுக்கு என்கிறது. பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற பையனின் பின்னந்தலையை உங்கள் பெரியவர் என்றாவது பார்த்தாரா? நந்தியால் பேராயர் பற்றி எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் மகள் மூன்று படி ஏறுவதற்குப் பேராயர் எதற்கு?

என்னை உறுத்துவது 'பாரம்பரியம்' என்ற அந்தச் சொல். யாருடைய பாரம்பரியம், தம்பி? பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் 1956இல்தான் மாநில எல்லை விழுந்தது. அதற்கு முன் இரண்டும் திருவிதாங்கூர். மாரை மூடியதற்காக நம் நாடார் பூட்டிகள் சந்தையில் வைத்துத் துணி கிழிக்கப்பட்ட நாடு அது. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. நம் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை, அதன்மேல் தோள்சீலையும் போட்டார்கள். 1829இல் அது கூடாது என்று அரசு விளம்பரம், அதாவது அரசாணை, வந்தது. அடிதடி, வழக்கு, ஜெபவீடுகளுக்குத் தீ. கடைசியில் 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா இறங்கிவந்து, நாடார் பெண்கள் எல்லோரும் மூடிக்கொள்ளலாம் என்றார். அந்த விளம்பரத்துக்கு ஒரு வால் உண்டு: உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதமாக மட்டும் உடுத்தக் கூடாது.

அந்த வாலைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முதலில் மூடாதே என்றார்கள். பிறகு மூடு, ஆனால் இப்படி மூடாதே என்றார்கள். இப்போது கோயிலுக்குள்ளே, இன்னும் ஒரு சாண் மேலே ஏற்றி மூடு என்கிறார்கள். அன்று அளந்தவன் அரண்மனைச் சேவகன். இன்று அளப்பவர் அந்தப் பூட்டியின் பேரன். நம் ஊரில் பெண்ணின் துணிக்கு ஒரு பாரம்பரியம் உண்டென்றால், அது சொன்னபடி கேட்காத பாரம்பரியம். சந்தேகமிருந்தால் அய்யாவழிக்காரர்களின் சாமித்தோப்புக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் கும்பிடப் போகிறார்கள். தலையில் துணி கட்ட விடப்படாதவர்கள் கட்டிக்கொண்ட துணி அது. நம் கோயிலில் ஆண் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு வருகிறான். இரண்டு இடத்திலும் கடவுள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தலையை மூடுவது தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். ஜெபம் தொடங்கும்போது அம்மச்சி கவணியை இழுத்துத் தலையில் போடுவாள். முகம் நிழலுக்குள் போய்விடும். அப்போது அவளைத் தொட எனக்குப் பயமாக இருக்கும். ஆமென் சொன்னதும் அதே துணியால் என் மூக்கைத் துடைத்துவிடுவாள்.

எங்கள் சபையில் பிடியரிசி சேர்ப்பது அவள் வேலை. வீடுவீடாகக் கடவத்தை, பெரிய ஓலைக்கூடையை, சுமந்து போவாள். உலை வைக்கும்போது எடுத்து வைத்த ஒரு பிடி அரிசி, வீட்டுக்கு வீடு நிறம் வேறு, பருமன் வேறு. எந்த வீட்டில் கலயம் குறைந்திருக்கிறதோ அந்த வீட்டில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். சபை ஊழியரான உபதேசியார் விலை கூறுவார், ஆண்கள் கேட்பார்கள். பெண்கள் வராந்தாவில் நிற்பார்கள்.

1968 வாக்கில், எனக்கு எட்டு வயது. ஒரு கடவம் அரிசி எட்டு ரூபாயில் நின்றுவிட்டது. "பத்து" என்றது வராந்தாவிலிருந்து ஒரு குரல். அம்மச்சி. உபதேசியார் காதில் விழாதவர்போல "எட்டு, ஒரு தரம்" என்றார். அவள் கவணியின் முனையைப் பல்லில் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு ஐந்து ரூபாய்த் தாள்கள், பீடி அளவுக்குச் சுருண்டிருந்தன. அந்த இழுப்பில் துணி தலையிலிருந்து நழுவியது. "கவணி நழுவுகிறது பார்" என்றார் ஒருவர். "எட்டு, மூன்று தரம்."

அடுத்த நான்கு வாரம் பிடியரிசி வரவில்லை. ஐந்தாவது வாரம் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். அம்மச்சி திண்ணையில் பாய் விரித்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "ஏலத்தில் நானும் கேட்கலாமா?" என்றாள். கமிட்டியில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொன்னாரா தெரியாது. அவள் மறுநாளே கடவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளை நான் இதற்காக இன்னும் மன்னிக்கவில்லை. சாகும்வரை சுமந்தாள், ஒரு தடவைகூட விலை கேட்கவில்லை.

முற்றத்தில் அன்று என் தாத்தாவும் நின்றிருந்தார் தம்பி. கீழே கிடந்த ஒரு புளியங்கொட்டையைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தில் பெரியவர் கைகாட்டுகிறார், மகள் திரும்புகிறாள், பையன் வாசிக்கிறான். நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எந்த வரிசையில்? எழுந்து நின்றீர்களா, ஞானப்பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தீர்களா? பவுல் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்கிறீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்கள் மகள் காத்துக்கொண்டிருந்திருப்பாள். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கடிதம் எழுதவாவது உங்களுக்குத் தோன்றியதே, என் தாத்தாவுக்கு அதுவும் தோன்றவில்லை.

வேறு சபை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை அவள் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. அன்றைக்கு வாசிக்க வேண்டிய பாடத்தை அவள் வீட்டில் பலமுறை சத்தமாக வாசித்துப் பழகியிருப்பாள். அது எந்தப் பாடம் என்று நீங்கள் எழுதவில்லை. அவளிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா