கொம்பியூட்டர் கேள்வி பதில்: எந்த ஐ7 எண்டு முதல்ல கேளுங்கோ

இந்த முறை வந்த கடிதங்களில கனக்க ஒரே விசயத்தைத்தான் சுத்திச் சுத்தி வருது, குறைஞ்ச காசில ஒரு டெஸ்க்டொப், அதில பிள்ளையள் கேமும் விளையாடவேணும், வீட்டு வேலையும் நடக்கவேணும். ஆனபடியால் முதல்ல இதை விரிவாப் பாத்திட்டு, பிறகு மற்றக் கேள்வியளில சிலதையும் பாப்பம்.

கேள்வி: அண்ணை, நான் ஏ/எல் படிக்கிறன், ஐசிடியும் ஒரு பாடம். அப்பா ரெண்டு லட்சத்துக்குள்ள எண்டால் வாங்கித் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். அவருக்கு கடைக் கணக்கு எக்செல்லில போடவேணும், தங்கச்சிக்கு சூம் வகுப்பு. எனக்கு வலோரன்ட், ஜிடிஏ 5 விளையாடவேணும், பிறகு பெரிய கேமுகளும். மொனிற்றர் மாமா வீட்டில சும்மா கிடக்குது, அது வரும். ரவுணில ஒரு கடையில ஐ7, 16 ஜிபி றாம், ஆர்எக்ஸ் 580 கார்ட், கலர் கலரா லைட் எரியிற கேசிங், எல்லாம் சேர்த்து "கேமிங் பிசி" எண்டு அந்தக் காசுக்குத் தாறாங்கள். எடுக்கலாமோ?
(உயர்தர மாணவன், கொக்குவில்)

பதில்: தம்பி, கடைக்காரரிட்ட ஒரே ஒரு கேள்வி கேளும், எந்த ஐ7? ஐ7 எண்டுறது இன்டெல் கொம்பனி தன்ர புறோசசருக்கு, அதாவது கொம்பியூட்டரின்ர மூளைக்கு, வைச்ச ஒரு வீட்டுப் பேர் மாதிரி, அந்த வீட்டில அப்புவும் இருப்பார் பேரனும் இருப்பான், ஆரைக் கூட்டிக்கொண்டு வாறாங்கள் எண்டு பாக்கவேணும். பின்னால வாற இலக்கம்தான் விசயம். ஐ7-4770 எண்டால் அது 2013ல வந்தது, நாலு கோர் எட்டு திரெட் (கோர் எண்டால் உள்ளுக்கு இருக்கிற வேலையாள், திரெட் எண்டால் ஒரே நேரத்தில பாக்கிற வேலை). 2022ல வந்த ஐ3-12100ம் அதே நாலு கோர் எட்டு திரெட்தான், ஆனா அந்த ஐ3 இந்த ஐ7ஐ நல்லா முந்திப் போகும். 2600, 3770 எண்டு இருந்தால் இன்னும் பழசு, அதைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை.

வேகத்தை விட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் குடுத்த வழமையான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறைப்படி போடவேணும் எண்டால் இன்டெல்லில எட்டாம் ஜெனரேசனும் அதுக்குப் பிறகு வந்ததும் வேணும், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு வசதியும் வேணும். கடையில சுத்துவழியால பழைய மெசினுக்கும் 11ஐப் போட்டுத் தருவாங்கள், எக்செல்லும் சூமும் ஓடும், அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா நீர் வலோரன்ட் திறக்கேக்க "வான் 9001" எண்டு ஒரு எரர் வந்து நிக்கும், ஏனெண்டா விண்டோஸ் 11ல அந்தக் கேமில கள்ள விளையாட்டைப் பிடிக்கிற வான்கார்ட் எண்ட சொப்ட்வெயர், டிபிஎம்மும், செக்யூர் பூட் எண்ட, மெசின் தொடங்கேக்க பாக்கிற பாதுகாப்பும் இருக்கோ எண்டு பாக்கும். உமக்கு முதலாவதா வேண்டிய கேமே அங்க ஓடாது, பிறகென்ன கேமிங் பிசி?

அடுத்தது அந்த ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்ட், கேமின்ர படத்தை வரையிற சாமான். 2017ல வந்தேக்க நல்ல கார்ட்தான், ஆனா ஈதரம் எண்ட கிரிப்டோ காசு தோண்டுறதுக்கு உலகம் முழுக்க இரவு பகலா ஓடின கார்டுகளில அதுவும் ஒண்டு. 2022 செப்டெம்பர் 15ல ஈதரம் முறையை மாத்தினதோட அந்தத் தொழில் படுத்துது, கார்டுகள் மூட்டை மூட்டையா செக்கன்ட் ஹாண்ட் சந்தைக்கு வந்து சேர்ந்துது. அதோட 580 எண்ட பேரில ரெண்டு சாமான் இருக்கு, ஒண்டு 2304 ஸ்ட்ரீம் புரோசசர் (படத்துக்குக் கணக்குப் போடுற சின்னப் பகுதியள்) உள்ள ஒரிஜினல், மற்றது 2048 மட்டும் உள்ளது, அது உண்மையில 570 தரம். பெட்டியைப் பாத்து நம்பவேண்டாம், கடையிலயே ஜிபியு-இசட் எண்ட சின்ன சொப்ட்வெயரைப் போட்டு இலக்கத்தைப் பாரும். காட்ட மாட்டம் எண்டால் வெளிக்கிட்டு வாரும்.

அப்ப என்ன எடுக்கிறது? என்ர விருப்பம் ஏஎம்டி கொம்பனியின்ர புறோசசர், ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்ரெண்டு திரெட், 2021ல வந்தது, புதுசில்லைத்தான். ஆனா படம் காட்டுறதுக்கு வேகா கிராபிக்ஸ் உள்ளுக்கேயே இருக்கு, தனிக் கார்ட் இல்லாமலே வலோரன்ட் குறைஞ்ச செட்டிங்கில தாராளமா ஓடும், ஜிடிஏ 5ம் 1080பியில நோர்மல் செட்டிங்கில விளையாடலாம். 5600ஜி கிடைக்காட்டி 5600ஜிடி, இல்லாட்டி 5500ஜிடி. கவனம், வெறும் 5500 எண்டும் ஒண்டு விக்குது, அதில ஜியும் இல்லை கிராபிக்ஸும் இல்லை, கார்ட் பூட்டாமல் ஸ்க்ரீனில ஒண்டும் தெரியாது, இலக்கம் கிட்டத்தட்ட ஒண்டுதான் எண்டு மாறி வாங்கிப் போடாதையும்.

உம்மட சிநேகிதப் பெடியள் ஐ3-12100எஃப் எடுத்து செக்கன்ட் ஹாண்ட் கார்ட் ஒண்டு பூட்டு, கூட எஃப்பிஎஸ் (ஒரு செக்கனில ஸ்க்ரீனில வாற படங்களின்ர எண்ணிக்கை) வரும் எண்டு சொல்லுவாங்கள். பொய்யில்லை, வரும். ஆனா அந்த எஃப் எண்ட எழுத்து இருந்தால் உள்ளுக்கு கிராபிக்ஸ் இல்லை எண்டு அர்த்தம், கார்ட் பழுதானால் முழு மெசினும் படுத்திடும், அப்பான்ர கடைக் கணக்கும் தங்கச்சின்ர வகுப்பும் நிக்கும், கார்ட் திருத்தக் கொழும்புக்கு பஸ்ஸில அனுப்பிப்போட்டு கிழமைக்கணக்கா இருக்கவேண்டி வரும். தனி ஆளா கேமுக்கு மட்டும் வாங்கினால் எஃப் சரி, ஒரு வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் எண்டால் எனக்கு அது பிடிக்கேல்லை.

5600ஜி எடுத்தால் றாமை 8 ஜிபி ரெண்டு துண்டாத்தான் வாங்கவேணும், 16 ஒரு துண்டா வேண்டாம். உள்ளுக்கு இருக்கிற கிராபிக்ஸுக்கு சொந்த மெமரி இல்லை, றாமில இருந்துதான் எடுத்துப் பாவிக்கும், ஒரு துண்டு எண்டால் பாதை ஒண்டு, ரெண்டெண்டால் பாதை ரெண்டு, கேமில எஃப்பிஎஸ் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பூட்டின பிறகு பயோஸுக்குள்ள (மெசின் தொடங்கேக்க திறக்கிற செட்டிங்) போய் எக்ஸ்எம்பியை, அதாவது றாமை அதின்ர முழு வேகத்தில ஓடவிடுற செட்டிங்கை, ஓன் பண்ணும், கனக்கக் கடையில இதைச் செய்யிறேல்லை, 3200 எண்டு காசு குடுத்து வாங்கின றாம் 2400ல ஓடிக்கொண்டிருக்கும். 2025 கடைசிப் பகுதியில இருந்து றாம் விலை பேயாட்டம் ஏறினது உமக்கும் தெரிஞ்சிருக்கும், ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்பெல்லாம் அள்ளிக்கொண்டு போறதாலதான் அது. இந்த ஒரு சாமானை செக்கன்ட் ஹாண்டில எடுக்க நான் பயப்பிடமாட்டன், டிடிஆர்4 றாம் லேசில பழுதாகாது, மெம்ரெஸ்ட் எண்ட றாம் சோதிக்கிற சொப்ட்வெயரை ஒருக்கா ஓட்டிப் பாத்திட்டு எடும்.

எஸ்எஸ்டி 1 டிபி ஏலுமெண்டால் நல்லது. ஜிடிஏ 5 மட்டும் 100 ஜிபிக்கு மேல பிடிக்கும். 500 ஜிபி எடுத்தால் மூண்டாவது கேமுக்கு எதை அழிக்கிறதெண்டு தங்கச்சியோட சண்டை வரும். மதர்போர்ட் ஏ520 காணும், காசு மிஞ்சினால் பி550.

பவர் சப்ளையில மட்டும் கஞ்சத்தனம் பாக்காதையும். கேசிங்கோட சேர்ந்து வாறது 500 வாட் எண்டு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், கையில தூக்கிப் பாத்தால் வெறும் தகரம். நல்ல கொம்பனியின்ர 550 வாட், 80 பிளஸ் புரோன்ஸ் எண்ட தரச் சான்று உள்ளது ஒண்டு தனியா வாங்கும். இப்ப உமக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனா பரீட்சை முடிஞ்ச பிறகு ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு 8 ஜிபி கார்ட் பூட்ட நினைச்சால், அது தின்னுறது 132 வாட், ஒரு 8 பின் வயர் காணும், வேற ஒண்டும் மாத்தத் தேவையில்லை, அண்டைக்கு உம்மட பெரிய கேமுகளும் ஓடும். லைட் எரியிற கேசிங்குக்கு வைச்சிருந்த காசு இங்க வரட்டும். ஐசிடிக்குப் பைதன் எழுத எந்த மெசினும் காணும், அதை அப்பாவுக்குச் சொல்லவேண்டாம்.

ரெண்டு மூண்டு கடையில சாமான் சாமானா விலை எழுதி வாங்கும், மொத்த விலை மட்டும் சொல்லுற கடையில ஏதோ ஒளிக்கிறாங்கள். வரண்டி எந்தச் சாமானுக்கு எத்தினை வருசம் எண்டு பில்லில இருக்கவேணும்.

கேள்வி: கரண்ட் போகேக்க யூபிஎஸ் இருந்தும் கொம்பியூட்டர் நிண்டு திரும்ப ஸ்ரார்ட் ஆகுது. யூபிஎஸ் வாங்கி ஒரு வருசம்தான். மற்றது கேசிங்கைத் தொட்டால் சுள்ளெண்டு கையில அடிக்குது. ரெண்டுக்கும் தொடர்பு இருக்கோ?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: தொடர்பில்லை ஐயா, ரெண்டும் வேற வேற வருத்தம். முதல்ல அடிக்கிறதைப் பாருங்கோ, அதுதான் அவசரம். உங்கட பிளக்கில எர்த் வேலை செய்யேல்லை. பவர் சப்ளைக்குள்ள இருக்கிற பில்டர் கொண்டென்சர் வழியா எப்பவும் கொஞ்சக் கரண்ட் கேசிங்குக்கு கசியும், எர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போகும், இல்லாட்டி உங்கட கையால போகும். எங்கட வீடுகளில சதுர மூண்டு பின் பிளக்கை பழைய உருண்டை சொக்கெற்றில குத்த ஒரு மல்ரி பிளக் வைச்சிருப்பம், அதில கனக்கத்தில எர்த் பின் பேருக்குத்தான் இருக்கு. எலெக்ரிசியன் ஒராளைக் கூப்பிட்டு எர்த் கம்பியை முதல்ல செக் பண்ணுவியுங்கோ, கோடையில நிலம் காய்ஞ்சாலும் எர்த் பலவீனப்படும். அதுவரைக்கும் பிள்ளையள் வெறுங்காலோட தொடாமல் பாருங்கோ.

யூபிஎஸ்ஸுக்கு ஒரு லேசான ரெஸ்ற். கொம்பியூட்டரைக் கழட்டிப்போட்டு ஒரு மேசை லாம்பைப் பூட்டி, சுவரில சுவிச்சை நிப்பாட்டுங்கோ. லாம்பும் நூந்தால் அல்லது செக்கன்களில மங்கினால் பற்றரி போட்டுது. ஒரு வருசத்தில போகுமோ எண்டு கேப்பீங்கள், போகும், இந்த லெட் அசிட் பற்றரியள் 25 பாகை சூட்டைக் கணக்குப் பாத்து செய்தது, எங்கட வைகாசி வெயிலில தகரக் கூரைக்குக் கீழ வைச்சால் ஆயுள் பாதியாக் குறையும். புதுப் பற்றரி மட்டும் மாத்தலாம், முழுக்க வாங்கத் தேவையில்லை.

லாம்ப் நல்லா எரிஞ்சால் பிழை பெரும்பாலும் கொம்பியூட்டரின்ர பவர் சப்ளையில. யூபிஎஸ் மெயின்ஸில இருந்து பற்றரிக்கு மாற சில மில்லி செக்கன் எடுக்கும், அந்த இடைவெளியை நல்ல பவர் சப்ளை தன்ர கொண்டென்சரில இருக்கிறதை வைச்சுச் சமாளிக்கும், மலிவானது சமாளிக்காது. இன்னொண்டும் பாருங்கோ, 650 விஏ எண்டு எழுதினதை 650 வாட் எண்டு நினைச்சு லேசர் பிரின்ரரையும் அதில குத்தியிருந்தால் உடனே கழட்டுங்கோ, கனக்க 650 விஏ யூபிஎஸ்ஸுகள் 360 வாட் அளவுதான் தாங்கும், லேசர் பிரின்ரர் சூடாகேக்க அதை ஒரே இழுவையில இழுத்துப்போடும்.

ஐப்பசி கார்த்திகையில இடி முழங்கேக்க யூபிஎஸ்ஸை ஓஃப் பண்ணிப்போட்டு நிம்மதியா இருக்கவேண்டாம், சுவரில இருந்து பிளக்கைக் கழட்டவேணும், ரவுட்டரில இருந்து வாற கேபிளையும் கழட்டவேணும்.

கேள்வி: கொழும்பில இருந்து வாற பாவிச்ச ஒபிஸ் கொம்பியூட்டர், டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் எண்டு மலிவா விக்குது. எனக்கு வினாத்தாள் ரைப் பண்ணவேணும், மகன் பிறகு கிராபிக்ஸ் கார்ட் பூட்டலாம் எண்டுறார். நம்பி வாங்கலாமோ?
(ஆசிரியை, நெல்லியடி)

பதில்: ரீச்சர், உங்கட வேலைக்கு அதைவிட நல்ல பேரம் கிடைக்காது. வெளிநாட்டு ஒபிசுகளில சில வருசம் பாவிச்சு மொத்தமா மாத்தேக்க வெளியில வாற மெசினுகள், உறுதியானது, சத்தம் குறைவு, கரண்டும் கனக்க இழுக்காது. எட்டாம் ஜெனரேசன் அல்லது அதுக்கு மேல எண்டு மட்டும் பாருங்கோ, ஒப்டிபிளெக்ஸ் எண்டால் 3060, 5060, 7060 எண்ட இலக்கங்கள். 3050, 7050 அதுக்கு முந்தினது, விலை குறைவு எண்டு காட்டுவாங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி மாத்தித் தரச் சொல்லுங்கோ.

மகன்ர ஆசைக்கு வந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. ஒல்லியான கேசிங் எண்டால் பெரிய கார்ட் உள்ளுக்கே போகாது, லோ புரொபைல் எண்ட கட்டைக் கார்ட்தான் போகும். பவர் சப்ளையும் அந்தக் கொம்பனியின்ர சொந்த அளவு, சொந்த பின், கடையில விக்கிற சாதாரண பவர் சப்ளையை வாங்கி அப்படியே பூட்டேலாது, கார்டுக்குப் போற தனி வயரும் பெரும்பாலும் இருக்காது. அப்ப மதர்போர்ட் ஸ்லொட் குடுக்கிற 75 வாட்டுக்குள்ள வாழவேணும், ஜிடிஎக்ஸ் 1650, இல்லாட்டி 70 வாட்டில ஓடுற ஆர்ரிஎக்ஸ் 3050 6 ஜிபி, ரெண்டிலயும் கட்டைக் கார்ட் இருக்கு. 1080பியில நல்லாவே விளையாடலாம். நிமிர்ந்த ரவர் மொடல் கிடைச்சால் அதையே எடுங்கோ, காத்தும் போய்வரும்.

கேள்வி: மகளுக்கு கிளிநொச்சியில இஞ்சினியரிங் பீடம் கிடைச்சிருக்கு. டெஸ்க்டொப்போ லப்டொப்போ?
(தாய், வேலணை)

பதில்: லப்டொப் அம்மா. கிழமைக்குக் கிழமை ஹொஸ்ரலுக்கும் வீட்டுக்கும் ஆர் கேசிங் காவுறது. 16 ஜிபி றாமுக்குக் குறையாமல் பாருங்கோ.

கேள்வி: கனடாவில இருக்கிற பெரியப்பா அடுத்த முறை வரேக்க தன்ர பழைய கேமிங் கொம்பியூட்டரைக் கொண்டு வாறன் எண்டுறார். கொண்டுவரச் சொல்லட்டோ?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: முழுசாக் கொண்டுவரச் சொல்லாதையுங்கோ. கேசிங்கும் மொனிற்றரும் பாரம், எயார்போர்ட்டில எறியிற எறியில கார்ட் பூட்டின ஸ்லொட் உடையும். புறோசசர் பூட்டினபடி மதர்போர்ட், றாம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்ட், இவ்வளவும் பபிள் பொலித்தீனில சுத்தி கைப்பையில கொண்டுவந்தால் காணும், கேசிங்கும் பவர் சப்ளையும் இஞ்ச வாங்கலாம். வரண்டி கடல் தாண்டி வாறது அபூர்வம், அதை மனசில வைச்சுக்கொண்டுதான் வாங்கவேணும்.

பவர் சப்ளையும் கொண்டுவந்தே தீருவன் எண்டு நிண்டால், பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. கனடாவில 120 வோல்ட், எங்களுக்கு 230. 100-240 எண்டு எழுதியிருந்தால் பிரச்சினையில்லை, வயரை மட்டும் மாத்தினால் சரி. ஒரு சின்னச் சிவப்பு சுவிச் இருந்து அதில 115 எண்டு தெரிஞ்சால், சுவரில குத்த முதல் ஒரு ஸ்குரூ டிரைவரால அதை 230க்குத் தள்ளவேணும், மறந்து குத்தினால் ஒரு வெடிச்சத்தம் கேக்கும், பெரியப்பாவுக்கு என்ன சொல்லுறதெண்டு நீங்கள்தான் யோசிக்கவேணும்.