ஐந்து புடவை, நான்கு ஜாக்கெட்

கடிதம்

வணக்கம். ஜூன் மாதம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை புடவைதான் கட்ட வேண்டும். சம்பளம் 14,000. துணிக்கென்று ஒதுக்க முடிந்தது 6,000 ரூபாய். கையில் இருப்பவை நாவல்பழ நிறத்திலும் மயில்கழுத்து நிறத்திலும் இரண்டு கிரேப் புடவைகள், கல்யாணத்துக்கு எடுத்த ஒரு பட்டு. பட்டின் ஜாக்கெட் இப்போது கையைப் பிடிக்கிறது. ‘ஆன்லைனில் 300 ரூபாய்க்குப் புடவை வருது, பத்து வாங்கிப் போடு, ரெண்டு வாரத்துக்குக் கவலையில்லை’ என்கிறாள் தோழி. எத்தனை வாங்கலாம், எதை வாங்கலாம்?

ர., ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்

அன்புள்ள ர.,

தோழியின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். பத்துப் புடவை 3,000. பத்தும் பத்து நிறம், கூடவே பத்து ஜாக்கெட் துணி. தையல்கூலி ஒன்றுக்கு 200 என்றால் 2,000. ஓரம் அடித்து, அடிக்கரையின் உட்புறம் பால்ஸ் பட்டை வைத்துத் தைக்க ஒன்றுக்கு 100 என்றால் இன்னொரு ஆயிரம். உங்கள் 6,000 அங்கேயே தீர்ந்தது, உள்பாவாடை இன்னும் வாங்கவில்லை. ஒவ்வொரு ஜாக்கெட்டும் அதனதன் புடவைக்கு மட்டும்தான் ஆகும். ஒன்று கிழிந்தாலோ சாயம் போனாலோ அந்த ஜோடியே மூலைக்குப் போய்விடும்.

ஆகவே புடவையை எண்ணாதீர்கள், ஜாக்கெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். நான்கு ஜாக்கெட்: அரக்கு, கடுகு மஞ்சள், ராமர் பச்சை, சந்தனம். நான்கும் ஒற்றை நிறம். பைப்பிங், எம்ப்ராய்டரி, பின்னால் தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம். அவை வந்துவிட்டால் ஜாக்கெட் ஒரு புடவையோடு கட்டுண்டுவிடும். ‘கறுப்பு எதற்கும் போகும்’ என்பார்கள், உண்மைதான். ஆனால் சாக்பீஸ் பிடிக்கும் கைக்கு அது ஆகாது, மதியத்துக்குள் வலது கை வெளுத்து நிற்கும். உங்கள் பள்ளியில் மார்க்கர் பலகை என்றால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிர்நீலமும் சாம்பலும் வேர்வைத் திட்டை ஊருக்கே காட்டும், தவிருங்கள்.

துணி டூ பை டூ ரூபியா, ஜாக்கெட்டுக்கென்றே விற்கும் மெல்லிய துணி. குட்டைக் கைக்கு 80 செ.மீ. போதும், முழங்கை வரை வைத்தால் 1 மீட்டர். சந்தனத்துக்கு மட்டும் லைனிங் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போட்டிருப்பது தெரியும். மற்ற மூன்றுக்கும் லைனிங் வைத்தால் கூலியும் கூடும், ஏப்ரல் மாத வகுப்பறையில் புழுக்கமும் கூடும். லைனிங் துணியை டெய்லரிடம் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி மேல்துணி சுருங்காமல் நின்றால் முதுகுப் பக்கம் உப்பி உப்பி நிற்கும். பிறகு எந்த இஸ்திரிக்கும் அது அடங்காது. பால்ஸுக்கும் இதே கதைதான். ஊறவைக்காத காட்டன் பால்ஸ் சுருங்கினால் கொசுவத்தின் அடிக்கரை சுருக்கம் சுருக்கமாக மேலேறிவிடும்.

தையலில் ஒரே இடத்தில் பிடிவாதம் பிடியுங்கள்: கைக்குழி. தாராளமாக இருக்கட்டும் என்று கைக்குழியை இறக்கி வெட்டச் சொல்பவர்கள் உண்டு. விளைவு நேர்மாறு. கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது விலாப்பக்கத் துணியும் சேர்ந்து மேலே இழுபடும். பலகையில் தேதி எழுதிவிட்டு ஜாக்கெட்டைக் கீழே இழுத்துவிட வேண்டியிருக்கும். கைக்குழி அக்குளை ஒட்டி இருக்கட்டும். தளர்வு வேண்டுமானால் கையின் சுற்றளவில் அரை அங்குலம் கூட்டச் சொல்லுங்கள். போட்டுப் பார்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். கீழ்ப்பட்டி அசையாமல் இருந்தால் சரி. பக்கத்தில் இரண்டுபுறமும் ஒரு அங்குலம் துணி உள்ளே விட்டு, இரண்டு மூன்று வரிசைத் தையல் போடச் சொல்லுங்கள். உடம்பு கூடினால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். நான்கையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒன்றைத் தைத்து ஒருநாள் முழுக்கப் போட்டுப் பார்த்து, குறையைத் திருத்தி, அதையே அளவு ஜாக்கெட்டாக வைத்து மற்ற மூன்றைத் தையுங்கள்.

இப்போது புடவை. புதிதாக மூன்று போதும், இருக்கும் இரண்டு கிரேப்போடு ஐந்தாகிவிடும். இரண்டு சுங்குடி (முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் காட்டன்), ஒரு செட்டிநாட்டுக் கட்டம் போட்ட விசைத்தறிக் காட்டன். சுங்குடி உங்களுக்கு மதுரையிலேயே கிடைக்கும், சின்னாளப்பட்டிச் சரக்கும் அங்கே வரும். இன்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை கையால் முடிச்சுப் போட்டவை அல்ல, அச்சிட்டவை. தினம் கட்ட அதுவே போதும். ஜாக்கெட் துணி இல்லாமல் 5.5 மீட்டரில் வருவதாகப் பார்த்து எடுங்கள், நமக்கு அந்தத் துணி தேவையில்லை.

உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம், இரண்டும் நம் நான்குக்குள் இருக்க வேண்டும். ராமர் பச்சையில் அரக்குக் கரை, கடுகு மஞ்சளில் அரக்குக் கரை, சந்தனத்தில் அரக்குக் கட்டம் என்று எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று ஜாக்கெட் பொருந்தும். கிரேப் இரண்டுக்கும் கடுகு மஞ்சளும் சந்தனமும் போகும். ஆக 13 ஜோடி. கடைக்குப் போகும்போது நான்கு ஜாக்கெட்டிலும் வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பையில் எடுத்துப் போங்கள். போன் போட்டோவை நம்ப வேண்டாம், கடை விளக்கையும் நம்ப வேண்டாம். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். தள்ளுபடிச் சரக்கு என்றால் புடவையை முழுதும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள், பழைய இருப்பில் மடிப்பு ஓரம் வெளுத்திருக்கும்.

கணக்கு தோராயமாக இது. சுங்குடி 600 வீதம் இரண்டும், கட்டம் போட்டது 700-ம் சேர்ந்து 1,900. ஜாக்கெட் துணி 400, தையலும் சந்தனத்தின் லைனிங்கும் 1,000. உள்பாவாடை இரண்டு 500. ஓரம், பால்ஸ் 300. மொத்தம் 4,100. ஊருக்கு ஊர் கூலி கொஞ்சம் மாறும். மீதி 1,900-ஐத் தொடாமல் வையுங்கள். தீபாவளிச் சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி போடுவார்கள், அப்போது நல்ல கைத்தறி ஒன்று எடுக்கலாம்.

உள்பாவாடை பாப்ளினில் வாங்குங்கள். சாட்டினில் காட்டன் புடவை நிற்காது, வழுக்கும். ஒன்று அரக்கு, இன்னொன்று உங்கள் தோலின் நிறத்துக்குக் கிட்டத்தட்ட. வெளிர் புடவைக்குள் வெள்ளைப் பாவாடை பளிச்சென்று கோடாகத் தெரியும்.

புதுக் காட்டனை முதல் இரண்டு மூன்று முறை தனியாக, பச்சைத்தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை. ஒட்டாத சாயம் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். கஞ்சிக்கு ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கண்ணாடியாகும்வரை காய்ச்சி, வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கலந்தால் ஒரு புடவைக்குச் சரியாக இருக்கும். கெட்டியாகப் போட்டால் பச்சையில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கோடை விடுமுறைக்கு உள்ளே வைக்கும்போது கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பூச்சி வரும், மடிப்பிலும் இற்றுப்போகும். கிரேப் இரண்டையும் ஐப்பசி, கார்த்திகையில் அதிகம் கட்டுங்கள். மழையில் காட்டன் காய இரண்டு நாளாகும், கிரேப் ராத்திரி போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

பட்டு ஜாக்கெட்டை உள்ளே திருப்பிப் பாருங்கள். கையின் அடித்தையலும் விலாத்தையலும் ஒரே ஓட்டமாக இருக்கும். தையலுக்கு வெளியே துணி மிஞ்சியிருந்தால் கை முனையிலிருந்து இடுப்புவரை சேர்த்தே பிரித்துவிடச் சொல்லுங்கள், கையை மட்டும் பிரித்தால் அக்குளில் மடிப்பு விழும். பட்டில் பழைய ஊசித்தடம் மறையாது என்பதால் கால் அங்குலத்துக்கு மேல் விட வேண்டாம். துணியே மிஞ்சவில்லை என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. பட்டின் கரை அரக்கோ பச்சையோ என்றால் நம் நான்கில் ஒன்றே அதற்கும் ஆகும்.