கூடாரத்தில் கைக்குழந்தை: ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உங்கள் ஊர்தான், மலேசியாவின் சுங்கை சிப்புட். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவி ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதுவதை மகன் கைப்பேசியில் எடுத்துக் கொடுப்பான், வாசிப்பேன். பெயர் போட வேண்டாம், சொந்தக்காரர்களும் இதைப் படிக்கிறார்கள்.

என் மகள் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருக்கிறாள். மருமகன் அந்த ஊர்க்காரர். பேரனுக்கு நான்கு வயது. பேத்தி கைக்குழந்தை, வருகிற ஜூனில் ஏழு மாதம் முடியும். அந்த மாதம் கிளாஸ்டன்பரி என்ற பாட்டுத் திருவிழாவுக்கு இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்களாம். ஹோட்டல் இல்லை, வயலில் கூடாரம் போட்டு ஐந்து நாள். மழை பெய்தால் முழங்கால் வரை சேறாம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

கோபத்தில் ஒரு வாரமாக அவளிடம் பேசவில்லை. பச்சைக் குழந்தையைக் குளிரில், வெட்டவெளியில், குடிகாரர்கள் நடுவில் படுக்க வைப்பதா? "நீங்க எங்கள தைப்பூசத்துக்குத் தூக்கிட்டுப் போகலையா?" என்று திருப்பிக் கேட்கிறாள். அது சாமி காரியம், இது கூத்து. இரண்டும் ஒன்றா தம்பி? நீங்கள் சொன்னால் அவள் மதிப்பாள். போக வேண்டாம் என்று நல்லபடியாக எழுதுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் என்னென்ன கொடுத்தனுப்பலாம் என்றாவது சொல்லுங்கள். கம்பளி, வசம்பு, சாம்பிராணி எடுத்து வைத்திருக்கிறேன். தங்கை மகன் அடுத்த மாதம் லண்டன் போகிறான்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி

*

அன்புள்ள அக்கா,

போக வேண்டாம் என்று என்னால் எழுத முடியாது. போகலாம் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக உங்கள் பயத்தை வீண் பயம் என்று தள்ளவும் மாட்டேன். பயப்பட வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன, நீங்கள் தேடுகிற இடத்தில் அவை இல்லை, அவ்வளவுதான். இந்தப் பதிலை மகளுக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள். பாதி அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த இடம். சாமர்செட் பக்கம் பில்டன் என்ற கிராமத்தில் வொர்த்தி ஃபார்ம் என்று ஒரு மாட்டுப் பண்ணை. மைக்கேல் ஈவிஸ் என்ற பால் பண்ணைக்காரர் 1970 செப்டம்பரில் தன் நிலத்திலேயே இந்த விழாவை ஆரம்பித்தார். கட்டணம் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வந்தது 1,500 பேர் அளவில். இப்போது இரண்டு லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். இடம் 900 ஏக்கருக்கும் அதிகம். உங்களுக்கு ஏக்கர் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை, ஒரு சுமாரான தோட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 12 வயது வரையுள்ள பிள்ளைகள் டிக்கெட் வாங்கிய பெரியவரோடு இலவசமாக வரலாம். கிட்ஸ்ஃபீல்ட் என்று பிள்ளைகளுக்காகவே ஒரு பகுதி இருக்கிறது, பகலெல்லாம் சர்க்கஸ், நாடகம், விளையாட்டு. குடும்பங்கள் கூடாரம் போடத் தனி வயல்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், காக்மில் மெடோ அதில் ஒன்று. யாரும் செய்யாத காரியத்தை உங்கள் மகள் செய்யவில்லை.

சரி, தைப்பூசக் கேள்வி. இதில் மகள் பக்கம்தான் நியாயம். ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்கு முதல் நாள் சாயங்காலமே லோரி ஏறிப் போய், பாய் விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, விடிய விடிய உருமி கேட்டவர்கள்தானே நாமெல்லாம்? பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. அங்கே இன்றைக்கும் நேர்ச்சைக் குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் போட்டு, அந்தக் கூட்டத்தில், 272 படி ஏறுகிறார்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால் கோயில் வாசலிலேயே குழாய் ஒலிபெருக்கி. திடலில் படம் போட்டால் பிள்ளைகள் பாதிப் படத்தில் மண்ணிலேயே தூங்கிவிடும். சாமி காரியம் வேறு, கூத்து வேறு என்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் குழந்தையின் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது அக்கா.

ஒன்று மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் அடியோடு மாறியிருக்கிறது. அதைத்தான் மகளிடம் நீங்கள் கேட்க வேண்டும். தோட்டத்துத் திருவிழாவில் ஒரு குழந்தைக்கு எத்தனை மடி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அம்மா பால்குடம் எடுக்கப் போனால் பாட்டி, பாட்டிக்குக் கால் வலித்தால் பக்கத்து வீட்டு அக்கா, அவருக்கும் வேலை வந்தால் யாரோ ஒரு சித்தி. ஐந்து வயதுப் பிள்ளை தொலைந்தால் ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டியதுகூட இல்லை. இன்னார் வீட்டுப் பிள்ளை என்று லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் அறியும், யாராவது கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். விடியற்காலையில் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகும்முன் நீங்களும் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போயிருப்பீர்கள். அதே கை, அதே மடி திருவிழாவிலும் இருந்தது. கிளாஸ்டன்பரி கூடாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மொத்தம் நான்கு கைகள். அதில் இரண்டு கை இரவு பத்து மணிக்கு மேடை முன்னால் தட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே மகளும் மருமகனும் கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது, எந்த இரவு யார் கூடாரத்தில் இருப்பது என்பது. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கட்டாயம் சண்டை வரும். இருவருக்கும் பிடித்த பாடகர் கடைசி நாள் கடைசியில்தான் மேடை ஏறுவார். இருவரும் சேர்ந்து கேட்க ஆசைப்பட்டு, தூங்கும் குழந்தையைக் கூட்டத்துக்குள் தூக்கிப்போவார்கள். சிரமம் ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். பிள்ளையோடு போகிறவர்களுக்கு அது பகல் திருவிழா என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மதியம் சின்ன மேடைகளில் நல்ல பாட்டு கிடைக்கும். இரவில் ஒருவர் போகலாம், மற்றவர் கூடாரத்தில் படுத்துக் காற்றில் வருவதைக் கேட்கலாம். டிக்கெட் காசுக்குப் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். அதற்குச் சம்மதம் என்றால் போகலாம். சம்மதம் இல்லையென்றால் பிள்ளைகள் வளரும் வரை காத்திருக்கலாம், விழா எங்கேயும் ஓடிவிடாது.

இனி காது. நீங்கள் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான், நான் அதிகம் கவலைப்படுவதும் இதற்குத்தான். இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரு வரையறை வெளியிட்டது. அந்த 100 டெசிபலிலேயே ஒரு பெரியவர் வாரத்துக்கு 20 நிமிடம் அளவில் இருந்தால்தான் காதுக்குப் பாதுகாப்பு என்பதும் அவர்கள் கணக்கு. பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவு. கைக்குழந்தையின் காதுக் குழாய் சின்னது, அதனால் உச்ச ஒலிகள் அதற்குள் இன்னும் அழுத்தமாக விழும். வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சில குழந்தைகள் அழாமல் அப்படியே தூங்கிவிடும், நாமும் "பாரு, பாட்டு பிடிச்சிருக்கு" என்போம்.

காதை முழுதாக மூடும் மஃப் குழந்தை அளவிலேயே கிடைக்கிறது, தலையைச் சுற்றி மெத்தென்ற பட்டையோடு. அதை வீட்டிலேயே சில நாள் போட்டுப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே பிடுங்கி எறியும். காதுக்குள் திணிக்கும் பஞ்சு அடைப்பான் வேண்டவே வேண்டாம், கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும். மஃப் போட்டுவிட்டோமே என்று ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நிற்பதும் தப்பு. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் அளவு இறங்கும். மேடைக்கு எதிரே வெகு பின்னால், மேட்டில் பாய் விரித்து உட்காருவதுதான் குடும்பத்துக்கு ஏற்ற இடம். நம் கோயில் திருவிழாவுக்கும் இந்த மஃப் பொருந்தும். உருமிக்காரருக்கு இரண்டு அடி தள்ளி ஸ்ட்ரோலரை நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்கிற இளம் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன். கிளாஸ்டன்பரி போகிறவர்களை அவர்கள்தான் குறை சொல்வார்கள்.

அடுத்து, நீங்கள் பயப்படுகிற குளிர். ஜூன் கடைசியிலும் அங்கே இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கலாம், நம் கேமரன் மலை இரவைவிடக் கூடுதல் குளிர். குளிருக்குத் துணி இருக்கிறது, சமாளிக்கலாம். ஆனால் குளிருக்குப் பயந்து நாம் செய்கிற காரியங்கள் ஆபத்தானவை. எடுத்து வைத்திருக்கும் கம்பளியை அனுப்புங்கள், மகள் போர்த்திக்கொள்ளட்டும். குழந்தை மேல் தளர்வாகப் போர்த்தக் கூடாது, முகத்தில் ஏறி மூச்சை அடைக்கும். கை வெளியே வரும்படி தைத்த தூங்கும் பை போதும். மல்லாக்கப் படுக்கவைத்து, கெட்டியான சமமான படுக்கையில், தலையணை இல்லாமல். காற்றடைத்த மெத்தையில் அப்பா அம்மா நடுவில் குழந்தையைப் போட்டுக்கொள்வது மிகவும் மோசம். யாராவது உருண்டால் மெத்தை அமுங்கி அது பள்ளத்தில் விழும். அன்றைக்கு யாராவது ஒரு பியர் குடித்திருந்தால் பக்கத்தில்கூடப் படுக்கக் கூடாது. இதை மருமகனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் சாம்பிராணி. அக்கா, அதைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். தலைக்கு ஊற்றிச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வீட்டுப் பழக்கம், உங்கள் மகளுக்கும் அந்த வாசனை பிடிக்கும். கூடாரத்துக்குள் கரி நெருப்பு எந்த வடிவத்திலும் போகக்கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறைச்சி சுட்ட கரி அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து, கதகதப்புக்காகக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்துத் தூங்கியவர்கள் அந்த நாட்டில் காலையில் எழவில்லை. தணிந்த கரியும் அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

குளிருக்கு நேர் எதிரானது காலையில் காத்திருக்கிறது. ஜூனில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும், கொஞ்ச நேரத்தில் கூடாரம் இட்லிப் பானை போல் ஆகிவிடும். இரவில் மாட்டிய துணியோடு குழந்தையை விட்டு வைக்காமல் வெளியே நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். வெயில் படாமலிருக்க ஸ்ட்ரோலரின் மேல் துணியைப் போர்த்தி மூடுகிறார்கள், அதுவும் கூடாது. உள்ளே காற்றில்லாமல் சூடு ஏறிவிடும். சேறான நாளில் ஸ்ட்ரோலரின் சக்கரம் நகரவே நகராது, மகள் குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்வதுதான் வசதி.

சேற்றைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 1997-இல் அந்த விழா சேறும் சகதியுமாக நடந்தது. மாடு மேய்ந்த நிலம். சாணம் கலந்த சேற்றிலிருந்து இ.கோலி ஓ157 என்ற கிருமி சிலருக்குத் தொற்றியது. சின்னப் பிள்ளைகளுக்கு அது சிறுநீரகம் வரை போகக்கூடிய நோய். இப்போதெல்லாம் விழாவுக்கு முன்பே மாடுகளை வயலிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பது அங்கே பொதுவான அறிவுரை. இருந்தாலும் ஏழு மாதக் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயது. வெளியே தனியாக ஒரு பாய், உள்ளே தனியாக ஒரு பாய், சாப்பிடுமுன் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுதல். கைக்குத் தடவும் ஜெல் மட்டும் சேற்றுக் கைக்குப் போதாது. குழந்தை இன்னும் தாய்ப்பால் குடித்தால் அந்த ஐந்து நாளுக்கு அதைப்போல் சௌகரியம் எதுவும் இல்லை. புட்டிப்பால் என்றால் கலக்கத் தேவையில்லாத, பெட்டியில் வரும் தயார்ப் பால் எடுத்துப் போகட்டும்.

பேரனைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நான்கு வயது, ஓடுகிற வயது. மணிக்கட்டில் ஒரு பட்டை, அதில் அப்பாவின் கைப்பேசி எண். காலையில் கிளம்பும்போது அவன் போட்டிருக்கும் சட்டையோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், தேட வேண்டி வந்தால் காட்டலாம். இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் போகாத ஊர் அது, தூங்கு என்றால் கேட்கமாட்டான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: நம் நாட்டிலேயே 1998 முதல் கூச்சிங் அருகே சந்துபோங் மலையடிவாரத்தில் மழைக்காட்டு உலக இசை விழா நடக்கிறது. அங்கே பிள்ளைகளோடு போக நினைத்தால் குளிர்ப் பேச்சையெல்லாம் மறந்துவிடுங்கள். புழுக்கம், திடீர் மழை, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு. அந்தக் கொசு விடிந்ததும் பொழுது சாயும்போதும்தான் அதிகம் கடிக்கும், குழந்தைக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். காது விஷயம் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்.

வசம்பை அனுப்புங்கள், மகளுக்கு ஆறுதல். ஆனால் வளையலாகக் கோத்துக் குழந்தையின் கையில் கட்டிவிட்டுத் தூங்கவைக்க வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள், நூல் அறுந்தால் மணி தொண்டைக்குப் போகும். பழைய கைலிகள் இரண்டு அனுப்பினால் நிழலுக்கும், துடைக்கவும், பால் கொடுக்கும்போது மறைக்கவும் ஆகும்.

இன்றைக்கே மகளை அழைத்துப் பேசிவிடுங்கள். போகாதே என்று ஆரம்பிக்காமல், ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளோடு யார் இருப்பது என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். விழா நடக்கும் அந்த ஐந்து நாளும் வீடியோ கால் வரவில்லை என்று பதற வேண்டாம். இரண்டு லட்சம் பேர் ஒரே இடத்தில் கைப்பேசியைத் தட்டினால் லைன் கிடைக்காது, சார்ஜும் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு குறுஞ்செய்தி போதும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.